பியூரெட்டுக்குப் பட்டறையில் என்ன வேலை?

உங்கள் பள்ளி வேதியியல் கூடத்தில் பியூரெட்டைப் பார்த்திருப்பீர்கள். அமிலத்தையும் காரத்தையும் நடுநிலையாக்கும்போது ஒரு சொட்டு கூடினாலும் நிறம் மாறிவிடுமே, அந்த நீண்ட கண்ணாடிக் குழாய்தான். அதை முதன்முதலில் கையில் எடுக்கும்போது, "சார், இது தேர்வைத் தவிர வேறு எதற்காவது உதவுமா?" என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் எனக்கு லாபிஸில் ஒரு கார் பட்டறையில் கிடைத்தது. பழைய மினி காரின் சிலிண்டர் ஹெட், மேசைமீது கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே, தாங்கியில் ஒரு பியூரெட். கிரீஸ் படிந்த விரல்களோடு மெக்கானிக் ஒருவர் குனிந்து, நிறம் சேர்த்த மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருந்தார். அளவைப் படிக்கும்போது கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராக வைத்தார். நாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் முறையில் அணுவளவும் மாற்றம் இல்லை.

அந்த இயந்திரம் பந்தயத் தடத்தில் ஓடுவதற்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. ஐம்பது, அறுபது ஆண்டு வயதான ஓர் இயந்திரத்தைப் பிரித்து, புதுப்பித்து, அது பிறந்தபோது இருந்ததைவிட வேகமாக ஓட வைப்பது எப்படி? வாருங்கள், படிப்படியாகப் பார்ப்போம். நீங்கள் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் வழி நெடுகிலும் கூடவே வரும்.

சிறிய கார், பெரிய பெயர்

1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. குறைவாக எரிபொருள் குடிக்கும் சிறிய கார் ஒன்று தேவைப்பட்டது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர் வடிவமைத்த மினி, 1959 ஆகஸ்டு 26-ஆம் நாள் அறிமுகமானது. இயந்திரத்தைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே பொருத்தி இடத்தை மிச்சப்படுத்தினார் அவர். உள்ளே இருந்தது 'ஏ-சீரிஸ்' என்ற இயந்திரம். 1951-இல் ஆஸ்டின் ஏ30 காரில் 803 சி.சி. அளவில் தொடங்கிய குடும்பம் அது. நம் தாத்தாக்கள் காலத்தில் மலாயாச் சாலைகளில் ஓடிய மோரிஸ் மைனர் கார்களிலும் இதே குடும்பத்து இயந்திரங்கள் இருந்தன.

பந்தயக் கார் தயாரிப்பாளரான ஜான் கூப்பருக்கு இந்தச் சின்னக் கார் பிடித்துப்போனது. அவருடைய நிறுவனத்தின் கார்கள் 1959, 1960 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஃபார்முலா ஒன் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றவை. அவர் துணையோடு 1961-இல் மினி கூப்பரும், 1963-இல் கூப்பர் எஸ்-உம் வந்தன. 1964, 1965, 1967 ஆண்டுகளின் மான்டி கார்லோ ரேலியில் மினி வென்றது. தன்னைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்த கார்களைத் தோற்கடித்த கார் என்று உலகம் அதை வியந்தது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 1960-களில் ஜொகூர் பாருவின் சாலைகளை அடைத்து ஜொகூர் கிராண்ட் பிரி பந்தயம் நடத்தினார்கள். அக்காலப் பந்தயங்களில் மினிகளும் சீறிப் பாய்ந்தன. பின்னர் 1968-இல் ஷா ஆலம் பத்து தீகாவிலும், 1986-இல் ஜொகூர் பாசிர் கூடாங்கிலும், 1999-இல் சிப்பாங்கிலும் நிரந்தரத் தடங்கள் பிறந்தன.

சக்தி எங்கிருந்து வருகிறது?

ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம். முதல் மினியின் இயந்திரக் கொள்ளளவு 848 சி.சி.; சக்தி 34 குதிரைத்திறன். 1964-இல் வந்த கூப்பர் எஸ்-இன் கொள்ளளவு 1275 சி.சி.; சக்தி 76 குதிரைத்திறன். கொள்ளளவு ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. சக்தியோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது! உச்சச் சக்தி கிடைக்கும் சுழல் வேகமும் பெரிதாக மாறவில்லை: நிமிடத்துக்கு 5500 சுற்று 5800 ஆனது, அவ்வளவுதான். அப்படியானால் மீதிச் சக்தி எங்கிருந்து வந்தது?

பெட்ரோல் இயந்திரம் ஒரு காற்றுப் பம்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். ஆகவே சக்தியைக் கூட்ட மூன்றே வழிகள்தான். ஒன்று, ஒவ்வொரு மூச்சிலும் அதிகக் காற்றை இழுப்பது. இரண்டு, இழுத்த காற்றை நன்றாக அமுக்கி, எரிவதால் வரும் பயனைக் கூட்டுவது. மூன்று, ஒரு நிமிடத்தில் அதிக முறை மூச்சு விடுவது, அதாவது வேகமாகச் சுழல்வது. கூப்பர் எஸ் முதல் இரண்டு வழிகளையும் பயன்படுத்தியது. தடத்துக்கான இயந்திரமோ மூன்றையும் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை முன்கூட்டியே கணக்கிடுபவர்தான் நல்ல மெக்கானிக்.

முதலில் அளவு, பிறகுதான் வேலை

பழைய இயந்திரத்தைப் பிரித்ததும் புதிய பாகங்களை வாங்க ஓடக்கூடாது. எந்தப் பாகம் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று எண்ணிட்டு வைக்க வேண்டும். பல ஆண்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து பழகிய பாகங்கள் இடம் மாறினால் ஒத்துப்போகாது.

அடுத்து மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வெளியே வரும். கூப்பர் எஸ் 1275-இன் சிலிண்டர் விட்டம் 70.6 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 81.3 மி.மீ. பழைய சிலிண்டரை அளந்தால் அது முழு வட்டமாக இருக்காது. காரணம் எளிது. எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும்போது கனெக்டிங் ராடு சாய்ந்து நிற்கிறது. அதனால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் அதிகமாக அழுந்துகிறது. அந்தப் பக்கம் அதிகம் தேய்கிறது. மேலிருந்து கீழாகவும் தேய்மானம் ஒரே அளவில் இருக்காது. மேல் பகுதியில் வெப்பமும் அழுத்தமும் அதிகம், எண்ணெயோ குறைவு. ஆகவே அங்கே தேய்மானம் மிகுதி.

இந்தக் கோணல்கள் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள்தாம். உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.07 மி.மீ. அந்த ஒரு முடியளவு வித்தியாசமே வாயு கசியவும், எண்ணெய் எரிந்து நீலப் புகை வரவும் போதும். எனவே சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுகிறார்கள். கடைசியில் ஹோனிங் கல்லால் சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் இடுவார்கள். பார்க்க வழவழப்பாக இருந்தால்தானே நல்லது என்று தோன்றும். ஆனால் அந்தக் கீறல்கள்தாம் எண்ணெயைப் பிடித்து வைக்கின்றன. புதிய பிஸ்டன் ரிங்குகள் சுவரோடு பொருந்தவும் உதவுகின்றன.

பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விடலாம்? இங்கே வெப்ப விரிவு வருகிறது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் அலுமினியம் 10 லட்சத்தில் 23 பங்கும், வார்ப்பிரும்பு சுமார் 11 பங்கும் விரியும். 70.6 மி.மீ. விட்டத்துக்கு வெப்பம் 100 டிகிரி உயர்ந்தால் அலுமினியம் 0.16 மி.மீ. விரியும், இரும்பு 0.08 மி.மீ. மட்டுமே விரியும். போதாக்குறைக்கு, நெருப்பைத் தொடும் பிஸ்டன், தண்ணீர் சூழ்ந்த சிலிண்டரைவிட மிகவும் சூடாகிறது. குளிர்ந்திருக்கும்போது 'சிக்'கென்று பொருந்தும் பிஸ்டன், தடத்தில் இரண்டு சுற்று ஓடியதும் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துவிடும். அதனால்தான் பந்தயப் பிஸ்டனுக்குச் சாலைக் காரைவிடச் சற்று அதிக இடைவெளி விடுகிறார்கள். காலையில் இயந்திரத்தை முடுக்கியதும் 'கடகட' என்று கேட்கும் ஓசை, அந்த இடைவெளி பேசும் ஓசைதான்.

ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும் ரகசியம்

இப்போது பியூரெட்டுக்கு வருவோம். பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டருக்குள் உள்ள மொத்த இடத்தை, பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் கிடைப்பது அமுக்க விகிதம். கூப்பர் எஸ்-இல் அது 9.75. அதாவது, இழுத்த கலவை கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. அதிகமாக அமுக்கப்பட்ட வாயு எரிந்தபின் அதிகமாக விரிகிறது. அதே பெட்ரோலிலிருந்து அதிக வேலை கிடைக்கிறது.

மிஞ்சும் இடம் எவ்வளவு? ஒரு பிஸ்டன் விலக்கும் கொள்ளளவு சுமார் 318 மில்லிலிட்டர். அதை, அமுக்க விகிதத்தில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 318-ஐ 8.75-ஆல் வகுத்தால் 36.3 மில்லிலிட்டர். தடத்துக்காக விகிதத்தை 11 ஆக்க விரும்பினால், 318-ஐ 10-ஆல் வகுத்து 31.8 மில்லிலிட்டர். வித்தியாசம் 4.5 மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டிகூட நிறையாது!

அந்தத் தேக்கரண்டி அளவைப் பெற, ஹெட்டின் அடிப்பரப்பைச் சிறிது சீவி எடுப்பார்கள். எவ்வளவு சீவுவது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஏ-சீரிஸ் இயந்திரத்தின் எரியறை இதயம் போன்ற வடிவம் உடையது. நீளம், அகலம், உயரம் என்று பெருக்க முடியாத வடிவம். ஆகவே வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் பொருத்தி, ஹெட்டைக் கவிழ்த்து, துளையிட்ட பெர்ஸ்பெக்ஸ் தகட்டால் மூடி, விளிம்பில் கிரீஸ் தடவி, துளை வழியாகப் பியூரெட்டிலிருந்து திரவத்தை நிரப்புகிறார்கள். காற்றுக் குமிழி இல்லாமல் நிரம்பியதும் பியூரெட் காட்டும் அளவுதான் எரியறையின் கொள்ளளவு. இதனோடு கேஸ்கட்டின் தடிமனால் வரும் இடத்தையும், பிஸ்டன் தலையிலுள்ள குழிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்கு அறைகளும் சமமாக இருப்பதும் முக்கியம். ஒன்று மட்டும் சிறியதாக இருந்தால் அந்த சிலிண்டர் மற்றவற்றைவிடக் கடுமையாக உழைக்கும். முதலில் உடைவதும் அதுதான்.

அப்படியானால் விகிதத்தை 15 ஆக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் வேதியியல் கையை நீட்டித் தடுக்கிறது. தீப்பொறியிலிருந்து சுடர் பரவும்போது, இன்னும் எரியாமல் மூலையில் கிடக்கும் கலவை நெருக்கப்பட்டுச் சூடாகிறது. வெப்பம் எல்லை தாண்டினால், சுடர் வந்து சேர்வதற்கு முன்பே அது தானாக ஒரே அடியில் பற்றிக்கொள்ளும். அதைத்தான் 'நாக்கிங்' என்கிறார்கள். சுத்தியலால் பிஸ்டனைத் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டையே விழும்.

பெட்ரோல் நிலையத்தில் நீங்கள் பார்க்கும் ரோன் 95, ரோன் 97 என்ற எண்கள் இதைப் பற்றியவைதாம். தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் திறனை அவை குறிக்கின்றன. 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவைக்குச் சமமாகத் தாங்கும் பெட்ரோல்தான் ரோன் 95. ரோன் 97-இல் சக்தி அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி அல்ல. அதிக அமுக்கத்தைத் தாங்கும் என்பதே அதன் பொருள். குறைந்த அமுக்க விகிதமுள்ள உங்கள் கப்சாய்க்கு அதை ஊற்றினால் பணம்தான் கரையும்.

மூச்சு விட நேரமில்லை

நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் வினாடிக்கு 100 சுற்று. ஒரு சுற்றுக்கு 0.01 வினாடி. காற்றை இழுக்கும் வீச்சு அரைச் சுற்று என்பதால், 0.005 வினாடிக்குள் 318 மில்லிலிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். நீங்கள் ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் இந்த வீச்சு பல முறை முடிந்துவிடும்.

காற்று வரும் வழியைச் சீராக்குவது இங்கே பெரிய வேலை. கேஸ்கட்டும் குழாயும் சேரும் இடத்தில் சிறு படி இருந்தால்கூடக் காற்று சுழன்று தடுமாறும். அதைத் தேய்த்துச் சமன் செய்கிறார்கள். ஆனால் வழியை ஒரேயடியாக அகலமாக்குவது தவறு. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் பாய்கிறது; விரலை எடுத்தால் தொங்கிவிடுகிறது. காற்றும் அப்படித்தான். வேகமாக வரும் காற்றுக்கு உந்தம் இருக்கும். பிஸ்டன் நின்று திரும்பத் தொடங்கிய பிறகும் அது உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும்.

ஏ-சீரிஸ் இயந்திரத்தில் இன்னொரு சிக்கல். நான்கு சிலிண்டருக்கும் காற்று நுழைய இரண்டே வழிகள். 1-உம் 2-உம் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. 3-உம் 4-உம் மற்றொன்றை. எரியும் வரிசையோ 1, 3, 4, 2. எனவே 3 இழுத்ததும் 4, பின்பு 2 இழுத்ததும் 1 என்று அண்டை வீட்டார் அடுத்தடுத்து ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். இரண்டாவதாக வருபவருக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காற்று கிடைக்கிறது. இருவருக்கும் ஒரே அளவு கிடைப்பதில்லை. 1951-இல் வகுத்த இந்த அமைப்போடுதான் இன்றும் மினி மெக்கானிக்குகள் மல்லுக்கட்டுகிறார்கள்.

வால்வுகளை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று முடிவு செய்வது கேம் தண்டு. தடத்துக்கான கேம் தண்டு வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும். வேகமாகச் சுழலும்போது இது நன்மை. மெதுவாகச் சுழலும்போதோ உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். நின்ற இடத்தில் இயந்திரம் திணறித் திணறி ஓடுவது இதனால்தான். தடத்தில் சிங்கமாக இருக்கும் மினி, பண்டிகைக்கால நெரிசலில் மாட்டிக்கொண்டால் பரிதாபமாக நிற்கும்.

வேகத்தின் விலை

இனி மூன்றாவது வழி: வேகமாகச் சுழல்வது. இதன் விலைதான் எல்லாவற்றிலும் அதிகம்.

பிஸ்டன் மேல் முனைக்கு வந்து, நின்று, திரும்ப வேண்டும். அந்தக் கணத்தில் அதன் முடுக்கம், கிராங்க் ஆரத்தைக் கோண வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. ஆரம் 81.3-இல் பாதி, அதாவது 0.0407 மீட்டர். நிமிடத்துக்கு 6000 சுற்றில் கோண வேகம் வினாடிக்கு 628 ரேடியன். பெருக்கினால் சுமார் 16,000 மீட்டர்/வினாடி². புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 1600 மடங்கு! கனெக்டிங் ராடு சாய்வதால், உண்மையில் மேல் முனையில் இது இன்னும் அதிகம்.

பிஸ்டன், பின், ரிங்குகள் எல்லாம் சேர்ந்து 0.3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நியூட்டனின் இரண்டாம் விதிப்படி விசை 4800 நியூட்டன். ஏறத்தாழ 490 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். முழு மினி காரே 600 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அவ்வளவு பாரம் மெல்லிய கனெக்டிங் ராடை வினாடிக்கு 100 முறை இழுக்கிறது.

வேகத்தை 8000 ஆக்கினால்? வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. விசையோ வர்க்கமாக வளரும்: 1.78 மடங்காகி 8500 நியூட்டனைத் தாண்டும். 'கொஞ்சம்தானே கூட்டினேன்' என்று சொல்லும் ஓட்டுநருக்கு இந்த வர்க்கக் கணக்கு தெரியாது. கனெக்டிங் ராடுக்குத் தெரியும்.

ஆகவே கிராங்க் தண்டிலும் கனெக்டிங் ராடுகளிலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். பாகத்தைக் காந்தமாக்கி, ஒளிரும் இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றினால், வெடிப்பு உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும். தூள் அங்கே கூடும். புற ஊதா விளக்கில் வெடிப்பு கோடாக மின்னும். நான்கு பிஸ்டன்களையும் தராசில் வைத்து ஒரே எடையாக்குவதும், கிராங்க் தண்டைச் சமநிலைப்படுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

எண்ணெய் ஓடும் இடம்

மழையில் வேகமாகப் போகும் கார், சாலையைத் தொடாமல் தண்ணீரின் மேல் வழுக்கிப் போவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாலையில் அது ஆபத்து. பேரிங்குக்குள் அதுதான் உயிர். சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்து, ஆப்பு போன்ற மெல்லிய படலத்தை உண்டாக்கி, அதன்மேல் மிதக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. இதற்காக விடும் இடைவெளி, தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய பொது விதி. கூப்பர் எஸ்-இன் தண்டுக்கு அது சுமார் 0.05 மி.மீ.; ஒரு முடியைவிடக் குறைவு.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒருவர் தம் மினியை ஆசை ஆசையாகத் தயார் செய்து தடத்துக்குக் கொண்டுபோனார். புதிய பிஸ்டன், புதிய கேம் தண்டு, எல்லாம் சரி. நான்காவது சுற்றில் நீண்ட வளைவு ஒன்றில் எண்ணெய் அழுத்தமானியின் முள் சடாரென்று விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு வளைவு தாண்டியதும் 'டக் டக்' என்ற ஓசை, அதன்பின் அமைதி. பிரித்துப் பார்த்தபோது பேரிங் உருகிக் கிராங்க் தண்டோடு ஒட்டியிருந்தது. எட்டு மாத உழைப்பும் சேமிப்பும் ஐந்து நிமிடத்தில் போயின.

எண்ணெய் குறைவாக இருந்ததா? இல்லை, அளவு சரியாகவே இருந்தது. எண்ணெய் இருந்த இடம்தான் தவறு. ஒட்டும் பந்தய டயர்களோடு வளையும்போது பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகலாம். அப்போது எண்ணெயின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும். ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு பேருந்து வளைவில் நின்று பாருங்கள், புரியும். எண்ணெய் முழுவதும் ஒரு பக்கம் ஏறிவிட, உறிஞ்சும் குழாய் காற்றைக் குடித்தது. ஒரு சில வினாடி போதும்.

மினியில் கியர்பாக்ஸும் இயந்திரமும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்வதால் இந்தச் சிக்கல் நன்கு அறியப்பட்டது. உறிஞ்சும் இடத்தை நடுவுக்கு மாற்றுவது, எண்ணெய் ஓடாமல் தடுக்கும் தகடுகள் வைப்பது, எண்ணெய்க் குளிர்விப்பான் பொருத்துவது ஆகியவை இதற்கான தீர்வுகள். தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டி எண்ணெய் சூடானால் அது மெலிந்து படலம் கிழியும் அபாயம் கூடும். நம் நாட்டு வெயிலில் இதை மறக்கவே கூடாது.

இறுக்குவதும் ஒரு கலை

எல்லாம் தயாரானபின் ஹெட்டை மூடி இறுக்க வேண்டும். சாதாரண மினி ஹெட்டைப் பிடித்து வைப்பவை 9 ஸ்டட்கள். கூப்பர் எஸ்-க்கு 11. ஒவ்வொன்றும் ஒரு கடினமான ஸ்பிரிங். இறுக்கும்போது சிறிது நீள்கிறது; மீண்டும் சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் ஹெட்டை அழுத்திப் பிடிக்கிறது. குறைவாக இறுக்கினால் வாயு கசியும். அதிகமாக இறுக்கினால் மீட்சி எல்லை தாண்டி நீண்டபடியே இருந்துவிடும். எனவே டார்க் ரென்ச் கொண்டு, நடுவில் தொடங்கி ஓரங்களுக்குப் போகும் வரிசையில், இரண்டு மூன்று கட்டமாக இறுக்குவார்கள். மரையில் அழுக்கு இருந்தால் நாம் கொடுக்கும் திருப்பு விசையை உராய்வே தின்றுவிடும்; ரென்ச் காட்டும் எண் நம்மை ஏமாற்றும்.

முதல் முறை முடுக்குவதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். உயிர் வந்ததும் மெதுவாக ஓட விடாமல், 2000 சுற்றை ஒட்டிச் சுமார் 20 நிமிடம் வைத்திருப்பார்கள். கிராங்க் தண்டு வாரித் தெளிக்கும் எண்ணெய்தான் புதிய கேம் தண்டைக் காக்கிறது. மெதுவாகச் சுழன்றால் அது போதாது. பிறகு எண்ணெயை வடித்து, மினியின் வடிகால் மூடியில் இருக்கும் காந்தத்தைப் பார்ப்பார்கள். மெல்லிய சாம்பல் நிறக் குழைவு இருந்தால் அது இயல்பு. துண்டு துண்டாக இரும்பு ஒட்டியிருந்தால் மீண்டும் பிரிக்க வேண்டியதுதான்.

தடம் வேறு, சாலை வேறு

கடைசியாக ஒன்று. உங்களில் சிலர் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயை மாற்றி, ஜெட்டை மாற்றி, சத்தத்தைக் கூட்டி, 'டியூன் பண்ணிவிட்டேன்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எதை அளந்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. அளக்காமல் மாற்றுவது மேம்பாடு அல்ல, சூதாட்டம்.

வர்க்கமாக வளரும் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 120-க்குப் போனால் இயக்க ஆற்றல் இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. பிரேக்கும் சாலையும் அதற்கேற்ப மாறிவிடாது. தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி வராது. கொடி காட்ட ஆட்கள் உண்டு, ஆம்புலன்ஸ் காத்திருக்கும், ஓடும் முன் வாகனத்தைச் சோதிப்பார்கள். லாபிஸ் வழியே போகும் கூட்டரசுச் சாலையில் இவற்றில் எது இருக்கிறது? பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம் என்பது இருக்கட்டும். என் வகுப்பில் ஒரு நாற்காலி ஒரு தவணை முழுவதும் காலியாக இருந்ததைப் பார்த்தவன் நான். அந்த மாணவன் ஊன்றுகோலோடு திரும்பி வந்தான். அந்த அளவில் தப்பியதற்கு அவன் குடும்பம் இன்றும் நன்றி சொல்கிறது.

இயந்திரங்கள்மீது உங்களுக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால் அதற்கு வழி இருக்கிறது. தொழிற்கல்விக் கல்லூரிகளில் வாகனத் தொழில்நுட்பம் படித்து, மலேசியத் திறன் சான்றிதழ் பெற்று, படிப்படியாக உயரலாம். மைக்ரோமீட்டரைச் சரியாகப் படிக்கத் தெரிந்த கைக்கு வேலை என்றும் உண்டு.

நீங்களே கணக்கிடுங்கள்

1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா 1.3 காரும் இப்போது பழைய கார்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. அதன் சிலிண்டர் விட்டம் 71 மி.மீ.; பிஸ்டன் வீச்சு 82 மி.மீ.; சிலிண்டர்கள் 4. 

1. இயந்திரத்தின் மொத்தக் கொள்ளளவு எவ்வளவு? 
2. அமுக்க விகிதத்தை 9.5 என வைத்தால், ஒரு சிலிண்டரில் மிஞ்சும் இடம் எவ்வளவு? 
3. நிமிடத்துக்கு 6000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் என்ன? (ஒரு சுற்றுக்கு இரண்டு வீச்சு என்பதை மறவாதீர்.)

விடைகள்: 1. சுமார் 1298 சி.சி. 2. சுமார் 38 மில்லிலிட்டர். 3. வினாடிக்கு 16.4 மீட்டர்.

விடை சரியாக வந்ததா? அடுத்த முறை வேதியியல் கூடத்தில் பியூரெட்டைக் கையில் எடுக்கும்போது, கண்ணைத் திரவ மட்டத்துக்கு நேராக வைத்துப் படியுங்கள். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான அளவில் ஓர் இயந்திரம் பிழைப்பதும் அழிவதும் இருக்கிறது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.